எட்டக் கோட்டை

சிரசுத் திருவிழா முடிந்து ஐந்தாம் நாள்.
குடியாத்தம் இன்னும் ஓயவில்லை.
ஊறுகாய்க் குப்பியில் சிறுநீர் கொண்டுவருகிறார்கள்,
எங்கள் குப்பி தீர்ந்து எட்டு நாளாயிற்று.

இன்குபேட்டரைத் திறந்தால்
வெதுவெதுப்பாக ஒரு நாற்றம்.
பதினான்கு வருடமாக அதுதான் எனக்கு விடியல்,
காபி அதற்குப் பிறகு.

தேசம்மா, நாற்பத்தொன்று, பீடி சுற்றுபவர், நெல்லூர்ப்பேட்டை.
பச்சை மார்க்கரில் என் கையெழுத்து.
தட்டில் ஆறு வில்லை, ஆறு மருந்து.
வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக்
கிருமி முளைக்காத வட்டம் விழும்,
மழைக்கு முன் நிலா கட்டுகிற கோட்டை மாதிரி.
எட்டக் கோட்டை கிட்ட மழை,
கிட்டக் கோட்டை எட்ட மழை.
நான் ஸ்கேல் வைத்துத்தான் அளக்கிறேன்,
மனசு மட்டும் இந்தக் கணக்கில் ஓடும்.

அமாக்சிசிலினுக்குக் கோட்டை இல்லை.
வில்லையின் விளிம்பில் முதுகு சாய்த்து
உட்கார்ந்திருக்கிறது கிருமி.
சிப்ரோவுக்கு இல்லை. கோட்ரிமாக்சசோலுக்கு இல்லை.
செஃபிக்சிம், மூன்று வருடம் முன்பு
இந்த ஊரில் பாதிப் பேருக்காவது வட்டம் போட்டது,
அதற்கும் இல்லை.
ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள்.
இங்கே ராஜாக்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள்,
கோட்டைதான் இல்லை.

"எரிச்சல் எடுத்தா ஜெயவேலு கடையில ரெண்டு மாத்திர.
நின்னுட்டா அப்புறம் இன்னாத்துக்கு?"
ஜெயவேலுவைத் திட்டிவிட்டு நகர முடியாது.
கையிலிருக்கிற துட்டுக்குத் தக்கபடி
அட்டையைக் கத்தரிக்கிறவன்,
ராத்திரி பதினொன்றுக்கும் ஷட்டரைத் தூக்குகிறவன்.
இங்கே வந்தால் அவளுக்கு எண்ணூறு பீடி நஷ்டம்.
வரிசையில் நின்றபடியே சுற்றப் பார்த்தாளாம்,
வாட்ச்மேன் முறத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நாங்கள் மட்டும் யோக்கியமா?
மார்ச்சில் வில்லை வரவில்லை, ஏழு வாரம்.
டாக்டர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதினார்கள்,
வலுவானதாய், அதைவிட வலுவானதாய்.
பிரசவ வார்டுக்கு ஒரே குழாய்,
பத்து மணிக்கு மேல் அதில் காற்று வரும்.
மேலே ஒட்டியிருக்கிற
கைகழுவும் படம் மட்டும் புத்தம் புதுசு.

அமிக்காசினுக்கு வட்டம் உண்டு.
ஆனால் ஊசி, தினமும் வர வேண்டும்.
ஆறாவது, நைட்ரோஃபுரான்டாயின்.
என் அம்மாவைவிட மூத்த மருந்து,
விலை குறைவு, அதனாலேயே மரியாதையும் குறைவு.
அதைச் சுற்றிப் பளிச்சென்று
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
இரண்டு தரம் அளந்தேன்.
மூன்றாம் தரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் டாக்டர் ஹெப்சிபா ஏற்கெனவே ஊசி எழுதிவிட்டார்.
என் காகிதத்தைப் பார்த்து
ஒன்றும் பேசாமல் அடித்தார்.
எங்கள் மருந்தகத்தில் இருப்பில்லை.
ஜெயவேலுவுக்கு போன் போட்டேன்.
"ஓடாத சரக்கு மேடம். நூறு அட்டை வித்தா ஒரு டீ வரும்."
கொஞ்சம் மூச்சு விட்டான்.
"வேலூர்லேர்ந்து சாயங்கால பஸ்ல போடச் சொல்றேன்."

பத்து மாத்திரை, தேசம்மா.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
சோறு தின்றுவிட்டுப் போடு.
நீர் பழுப்பாகப் போகும், பயப்படாதே.
"மூணு நாளு போதாதா?"
கட்டுக்கு எத்தனை பீடி?
"இருபத்தஞ்சு."
இருபத்து நாலு வைத்தால்?
சிரித்துவிட்டாள். "கட்டையே கழிச்சிருவான்."
பிறகு அட்டையை வாங்கி
பீடி எண்ணுகிற கட்டைவிரலால்
பத்தையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

அப்புறம் அவள் வரவில்லை.
குணமாகியிருக்கலாம்.
நாலு மாத்திரையோடு நிறுத்தி
மீதியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்திருக்கலாம்.
வராததை இரண்டு விதமாகவும் படிக்கலாம்,
அதை அளக்க என்னிடம் ஸ்கேல் இல்லை.